குலுக்கக்கா கெடுத்த ஒரு குப்பி

எங்கள் தடுப்பூசிக் கிடங்கின் பொறுப்பாளருக்குச் சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும்தான். மற்ற எல்லோருக்கும் அவர் குலுக்கக்கா. ஃப்ரீசரிலிருந்து எடுத்த ஐஸ் பொட்டலங்களை மேசைமேல் பரப்பி வைப்பார். அவை வேர்த்து, காதருகே குலுக்கினால் உள்ளே தண்ணீர் சலசலக்கும்வரை ஒரு மருந்துக் குப்பியைக்கூடப் பெட்டிக்குள் வைக்க விடமாட்டார். டிரைவர் நான், வண்டிச் சாவியைச் சுழற்றிக்கொண்டு முக்கால் மணி நேரம் தேவுடு காப்பேன். பதினோரு வருஷமாக இதே கூத்து.

அந்தச் செவ்வாய்க்கிழமை அக்கா ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தார். பெட்டி அடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. குளிர்ச்சி கூடினால் நல்லதுதானே என்று என் அதிமேதாவி மூளைக்குத் தோன்றியது. கல்லாக இருந்த ஐஸை அப்படியே வைத்து, நடுவே முப்பது குப்பிகளையும் அடுக்கி, வண்டியைக் கிளப்பிவிட்டேன்.

சுகாதார நிலையத்தில் பெட்டியைத் திறந்தால் தெர்மாமீட்டர் பூஜ்யத்துக்குக் கீழே நிற்கிறது. இந்த மருந்து உறைந்தால் வீரியம் போய்விடும், போட்டும் பயனில்லை.

"எல்லாத்தையும் கொட்டிடுங்க. கிடங்குப் பொறுப்பாளர் மேல ரிப்போர்ட் எழுதறேன்" என்றார் டாக்டர்.

அடுத்த சரக்கு வர ஒன்றரை மாதம் ஆகும். குப்பிக்குப் பத்துப் பேர் கணக்கில், வியாழக்கிழமை இருநூறு குழந்தைகள் வரவிருந்தார்கள். அதில் ஒருத்தி என் மூன்று மாத மகள்.

சேதி கேட்டு, சாயங்காலமே அக்கா சுகாதார நிலையத்தில் வந்து இறங்கினார். என்னைத் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. ஐஸோடு ஒட்டிக்கிடந்த ஆறு குப்பிகளை ஒதுக்கினார்.

"இது ஆறும் போச்சு சார். மத்ததைக் கொட்டாதீங்க. அதுல ஒண்ணை வேணும்னே ஃப்ரீசர்ல வெச்சு உறைய விடப்போறேன்."

"கெட்டது பத்தலைன்னு இன்னொண்ணா?"

"இந்த ஆறும் முழுசா உறைஞ்சுதான்னு சந்தேகம் சார். நிச்சயமா கெட்டது எப்படி இருக்கும்னு அது காட்டிக்குடுக்கும்."

மற்றவை ஃப்ரிட்ஜுக்குப் போயின. மறுநாள் காலை, உறைந்ததை உருகவிட்டு, மீதி இருபத்துமூன்றையும் அதையும் ஒன்றாகக் குலுக்கி ஜன்னலோரம் நிறுத்தினார். சற்று நேரத்தில் கெடுத்த குப்பியில் வெள்ளைப் படிவு அடியில் இறங்கி, மேலே தண்ணீர் தெளிந்தது. இருபத்துமூன்றும் கலங்கலாகவே நின்றன. டாக்டர் குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"சரி, இதெல்லாம் நல்லது. அந்த ஏழுக்கு யார் பதில் சொல்றது?"

நான் வாயெடுப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டார். "கிடங்கு என் பொறுப்பு சார். என் பேரையே எழுதுங்க."

அன்று வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை வரிசையில் ஒரே முணுமுணுப்பு. கெட்ட மருந்தாம் என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். ஒரு தாயும் முன்னால் வரவில்லை. என் மனைவிதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள்.

"பெட்டி அடுக்கினது இந்த மனுஷன், குலுக்கிப் பார்த்தது அக்கா. அவங்க பார்த்தா சரியாத்தான் இருக்கும். என் பொண்ணுக்கு முதல்ல போடுங்க!"

மகள் வீறிட்டாள். வரிசை நகர்ந்தது. டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நான்தான் சார்" என்றேன்.

அவர் ரிப்போர்ட்டை எடுத்து, அக்காவின் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். அவ்வளவு பெருமையாக என் பெயர் வேறெந்தக் காகிதத்திலும் ஏறியதில்லை.