மச்சான் ஓட்டாத கார்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். உள்ளறையிலிருந்து என் மகளின் அலறல்.

"நான்தாம்மா மொதல்ல சுட்டேன்! ஆனா செத்தது நானாம்!"

கரண்டியோடு ஓடினேன். ஆபீஸில் ஒரு டீமையே கட்டி மேய்க்கிற பெண். காதில் ஹெட்போன், கையில் செல்போன், முகத்தில் உலக அநியாயம் பூராவும். வெளியே மழை பெய்ததால் நெட் இழுத்துக்கொண்டிருந்தது. எங்கேயோ இருக்கிற ஒரு சிநேகிதனோடு அவளுக்குத் துப்பாக்கிச் சண்டை.

எனக்குப் புரிகிற மாதிரி விளக்கினாள். நெட் மெதுவானால் எதிராளி எந்தப் பக்கம் போனான் என்ற செய்தி தாமதமாகத்தான் வருமாம். அதுவரை கேம் சும்மா நிற்காதாம். 'அவன் இப்படித்தான் போயிருப்பான்' என்று அதுவாகவே ஒரு உத்தேசம் போட்டு அவனை நடக்க வைக்குமாம். நிஜச் செய்தி வந்ததும் பிடித்து இழுத்து, சரியான இடத்தில் நிறுத்துமாம்.

"சரி... ரெண்டு பேருமே 'நான்தான் ஜெயிச்சேன்'னு சொன்னா?"

"ரெண்டு பேர் சொல்றதும் செல்லாதும்மா. நடுவுல சர்வர்னு ஒண்ணு இருக்கு. அது சொல்றதுதான் தீர்ப்பு."

எனக்கு வந்ததே சிரிப்பு! ரசம் பொங்கி அடுப்பை அணைத்த பிறகுதான் நின்றது.

பின்னே என்ன? எங்கள் குடும்பம் இந்த மாதிரி ஆட்டம் ஆடிய காலத்தில் நடுவில் சர்வர் ஏது? நான்தான் இருந்தேன். நானும் என் மதினியும்.

தொண்ணூறுகளின் கடைசி. ராஜபாளையத்தில் பிறந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் வாக்கப்பட்டவள் நான். வெளியூரில் கட்டிக்கொடுத்தார்கள் என்று சொல்லிக்கொள்ளவே முடியாது. டவுன் பஸ்ஸில் சீட் பிடித்து உட்கார்ந்து, கண்டக்டரிடம் சில்லறைச் சண்டை முடிவதற்குள் பிறந்த வீடு வந்துவிடும்.

என் வீட்டுக்காரர் வரதன், வாசல் அறையில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். ராஜபாளையத்தில் என் கூடப்பிறந்த சீனி அண்ணனுக்கு பேண்டேஜ் துணி கம்பெனி ஒன்றில் ஆபீஸ் வேலை. அங்கே கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்று அண்ணன் வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது.

இந்த இரண்டு பெட்டிகளுக்கும் எவனோ ஒரு புண்ணியவான் கார் ரேஸ் சிடி ஒன்றைக் கொடுத்துவிட்டான். அதில் ஒரு விசேஷம் — ஒரு கம்ப்யூட்டர் இன்னொரு கம்ப்யூட்டருக்கு போன் போடும். மோடம் என்று ஒரு டப்பா, 'கீய்ய்ங்... கர்ர்ர்...' என்று பிரசவ வேதனைப்படும். பிறகு இந்த ஊர்க் காரும் அந்த ஊர்க் காரும் ஒரே ரோட்டில் ஓடும்!

ஓடும் என்றா சொன்னேன்? தத்தும். டெலிபோன் லைன் இருந்த லட்சணத்துக்கு, அண்ணனின் சிவப்புக் கார் எங்கள் வீட்டுத் திரையில் திடீரென்று நிற்கும். பிறகு தவளை மாதிரி ஒரே தாவு. சில சமயம் சுவருக்குள் புகுந்து அந்தப் பக்கமாக வெளியே வரும். ஒருநாள் ரோட்டை விட்டு மேலே எழும்பி, வானத்தில் ரொம்ப நிதானமாகப் போனது. "மச்சான் எங்கயோ போறாரு" என்று கை கூப்பினார் என் வீட்டுக்காரர்.

இதற்கு இரண்டு பேரும் செய்த வைத்தியம் இருக்கிறதே...

"மாப்ள, பாரம் தாங்காமத்தான் லைன் இழுக்கு. மரத்தையெல்லாம் எடுத்துருங்க" என்றார் அண்ணன். கேமில் மரங்களை மறைக்க வழி இருந்தது. எடுத்தார்கள். அப்புறம் மலையை எடுத்தார்கள். மேகம் போயிற்று. கை தட்டுகிற ஜனங்கள் போனார்கள். கடைசியில் பொட்டல் காட்டில் இரண்டு கார்கள் மட்டும் ஓடின. அப்போதும் தவளைதான்.

அடுத்து அண்ணன், எங்கள் வீட்டு டெலிபோன் வயரில் ஒட்டுப்போட்ட இடத்தை எல்லாம் கம்பெனி பேண்டேஜ் துணியால் சுற்றிக்கட்டிவிட்டுப் போனார். "மழத்தண்ணி எறங்காது பாருங்க." வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் வயரைப் பார்த்து, "யாருக்கு அடிபட்டிருக்கு?" என்று கேட்டார்கள்.

இப்படி ஒட்டிக்கொண்டு கிடந்த மாமன் மச்சான் பிரிந்தது, என் மகளின் காதுகுத்தில். ஆமாம், அந்தத் துப்பாக்கிக்காரிதான். அப்போது கைக்குழந்தை.

தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். அதில் தகராறு இல்லை. எந்த ஊரில் குத்துவது? ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்திலும் ஒரு திருவண்ணாமலை உண்டு, அந்த மலைப் பெருமாளுக்கு நேர்ந்திருக்கிறது, மலை மேலேதான் என்றார் என் வீட்டுக்காரர். சீர் செய்கிறவன் தாய்மாமன், அதனால் ராஜபாளையத்தில்தான் என்றார் அண்ணன்.

"அம்புட்டுப் படியும் பிள்ளையத் தூக்கிட்டு யாரு ஏறுவா?" என்று அண்ணன் கேட்டார்.

"இஷ்டமில்லாதவுக ஏற வேண்டாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

அவ்வளவுதான். பேச்சு நின்றது.

பேச்சுதான் நின்றதே தவிர, ரேஸ் நிற்கவில்லை! ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மோடம் கத்தும். மெஷினும் மெஷினும் கொஞ்சிக்கொள்ளும். மனுஷனும் மனுஷனும் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள். இப்படி ஒரு கோபத்தை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

ஒருநாள் என் மதினி — அண்ணன் பெண்சாதி கோதை — போன் செய்தார்.

"ஏட்டி ரெங்கா, ஒங்க அண்ணன் ஒரு கோட்டி யோசன சொல்லுதாக. இந்த ஞாயித்துக்கெழம ரேஸ்ல யாரு ஜெயிக்காகளோ அவுக ஊருல காதுகுத்தாம். ஒன் வீட்டுக்காரர்ட்ட கேளு."

கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. "சரின்னு சொல்லு."

பெற்றவள் நான் பக்கத்தில் நிற்கிறேன். எனக்கு ஒரு அபிப்பிராயம் இருக்குமே என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

அந்த ஞாயிறும் வந்தது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் நின்று பார்த்தேன். பாதி ரேஸ் வரை தவளைத் தாவல். அதற்கப்புறம் என்ன ஆச்சரியம்... லைன் வெண்ணெய் மாதிரி ஆகிவிட்டது! இரண்டு காரும் வழுக்கிக்கொண்டு ஓடின. கடைசி வளைவில் எங்கள் நீலக் கார் முந்தியது. 'வரதன் வெற்றி' என்று திரை பூராவும் வாணவேடிக்கை. மனுஷர் நாற்காலி மேல் ஏறிவிட்டார்.

மதினியிடம் சொல்லலாம் என்று போனை எடுத்தால், என்கேஜ்டு. கீழே வைத்ததும் மணி அடித்தது.

"ஏட்டி ரெங்கா! ஒங்க அண்ணன் ஜெயிச்சுட்டாக! தெருவுல எறங்கி ஆடுதாக!"

"மதினி... இங்க எங்க வீட்டுக்காரருல்லா ஜெயிச்சாரு?"

"எங்க?"

"இங்கதான். எங்க வீட்டுல."

"நல்லாப் பாத்தியா?"

"வாணம் விடுது மதினி!"

"இங்கயும் வாணம் விடுதேட்டி!"

இரண்டு பேரும் போனை வைத்தோம். பொறவு ஆரம்பித்தது பாருங்கள்... என் வீட்டுக்காரருக்கு மச்சான் பொய்யர். அண்ணனுக்கு மாப்பிள்ளை புளுகர். சாயங்காலத்துக்குள் என் வீட்டுக்காரர் பத்திரிகை அடித்துவிட்டார், கையில் இருக்கிற தொழில்தானே! அதே முகூர்த்தத்துக்கு அண்ணன் ராஜபாளையத்தில் சமையல்காரரிடம் சொல்லிவிட்டார். ஒரு பிள்ளைக்கு, ஒரே காலையில், இரண்டு ஊரில் காதுகுத்து!

என் மாமனார் இந்தச் சிக்கலை ரொம்ப நேரம் யோசித்தார். "பிள்ளைக்கு ரெண்டு காது இருக்குல்லா? இங்க ஒண்ணு குத்துவோம். அவுக ஊருல ஒண்ணு குத்திக்கிடட்டும்." அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

அவர்தான் காப்பியை ஆற்றிக்கொண்டே இன்னொன்றும் சொன்னார்.

"செங்கோட்ட ரயிலு எப்ப வரும்னு கேக்க மத்தியானம் உள்ள இருக்க போன எடுத்தேன். நம்பரே போடல. அதுக்குள்ள ஒருத்தன் கர்ர்ருங்கான், கீய்யிங்கான். 'ஏம்யா, மரியாதையா பேசு'ன்னேன். டக்குனு வச்சிட்டான்."

எனக்குப் பொறி தட்டியது. உள்ளறையில் இருப்பதும் வாசல் அறையில் இருப்பதும் ஒரே லைன். மாமா போனை எடுத்த நிமிஷமே கனெக்‌ஷன் அறுந்திருக்கிறது! ஆனால் ரேஸ் ஓடியதே... யார் ஓட்டியது?

என் வீட்டுக்காரரிடம் கேட்டேன். "ரேஸுக்கு நடுவுல எதுவும் வந்துச்சா?"

"மூலையில ஏதோ இங்கிலீஷ்ல எழுத்து வந்துச்சு. வண்டி ஓட்டும்போது எவன் படிப்பான்?"

சிடியோடு வந்த கையேட்டை எடுத்துப் படித்தேன். லைன் அறுந்தால் ஆட்டம் நிற்காதாம். காணாமல் போன ஆளின் காரை, அவர் பெயரிலேயே, கம்ப்யூட்டர் ஓட்டுமாம். அதாவது, பாதிக்கு மேல் இவர் அண்ணனோடு போட்டி போடவில்லை. அண்ணனும் இவரோடு போடவில்லை. ஆளாளுக்கு அவரவர் வீட்டுப் பெட்டியை ஜெயித்துவிட்டு வாணம் விட்டிருக்கிறார்கள்!

இதைச் சொன்னால் நம்புவார்களா? "மச்சான் ஓட்டு எனக்குத் தெரியாதா? அவர் வளைவுல திரும்புறதே தனி" என்றார் என் வீட்டுக்காரர். அங்கே அண்ணனும் அச்சு அசலாக அதையே சொன்னாராம்.

நானும் மதினியும் ஒரு திட்டம் போட்டோம். 'தாய்மாமன் வந்து பிள்ளைய எட்டிக்கூடப் பாக்கலன்னு ரெங்கா அழுதா' என்று சொல்லி, அடுத்த ஞாயிறு மதினி அண்ணனை பஸ் ஏற்றிவிட வேண்டும். இங்கே நான், 'அண்ணன் இன்னொரு ரேஸுக்குத் தயாராம்' என்று சொல்ல வேண்டும்.

"எனக்குக் கார் ஓட்டத் தெரியாதேட்டி" என்றார் மதினி.

"ஓட்ட வேண்டாம் மதினி. ஸ்டார்ட் ஆனதும் வயரப் பிடுங்கி, போன்ல மாட்டி எனக்கு அடிங்க. போதும்."

ஞாயிற்றுக்கிழமை. மோடம் கத்தியது. ரேஸ் ஆரம்பித்தது. 'சீனி' என்று பெயர் போட்ட சிவப்புக் கார் கொஞ்ச நேரம் தள்ளாடிவிட்டு, திடீரென்று விறுவிறுவென்று ஓட ஆரம்பித்தது. சரியாக அந்த நேரம் வாசலில் நிழல் விழுந்தது. அண்ணன், கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு.

"வாங்க" என்றார் என் வீட்டுக்காரர், திரும்பாமலே. "செத்த உக்காருங்க. எங்க மச்சான முந்திட்டு வந்துருதேன்."

அண்ணன் திரையைப் பார்த்தார். தன் பெயர் போட்ட கார் பறப்பதைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"மாப்ள... நான் இங்கல்லா நிக்கேன்?"

என் வீட்டுக்காரர் திரும்பினார். அண்ணனைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். மறுபடியும் அண்ணனைப் பார்த்தார். "அப்ப... அது யாரு?"

டெலிபோன் மணி அடித்தது. லைனில் ரேஸ் ஓடும்போது மணி எப்படி அடிக்கும்? அடித்தது! எடுத்து அண்ணன் காதில் வைத்தேன்.

"ரெங்கா, வயரப் பிடுங்கிட்டேன். நான் இப்ப துணி மடிக்கேன். ஒங்க அண்ணன் வந்து சேந்தாகளா?" என்று மதினி கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

அண்ணன் திரைக்குக் கிட்டே வந்து குனிந்தார். அங்கே யாரும் ஓட்டவில்லை. இங்கே இவரும் கையை எடுத்துவிட்டார். சிவப்புக் கார் மட்டும் ஒரு வளைவு விடாமல் திரும்பி, எல்லையைத் தாண்டியது. 'சீனி வெற்றி'. வாணவேடிக்கை.

"பாத்தீகளா! ஜெயிச்சுட்டேன்!" என்று குதித்தார் அண்ணன்.

குதித்த பிறகுதான் தான் சொன்னது அவருக்கே உறைத்தது. முதலில் சிரித்தது என் வீட்டுக்காரர். அப்புறம் அண்ணன். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்.

"ஏன் மச்சான், நம்ம பெருமாளுக்குச் செய்யறதுல ஒங்களுக்கு என்ன வருத்தம்?" என்று என் வீட்டுக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"வருத்தமா? நான் எப்ப வருத்தம்னேன்? எனக்கு முட்டு வலி மாப்ள. பிள்ளையத் தூக்கிட்டுப் படியில தவறிருவேனோன்னு பயம். நாலு பேருக்கு முன்னால அத எப்படிச் சொல்ல?"

"இத மொதல்லயே சொல்லப்படாதா? நீங்க எங்க ஊர மட்டமா நெனைக்கீகன்னு நான்..."

"நீங்க என்னைய வேண்டாம்னுட்டீகன்னு நான்..."

யோசித்துப் பாருங்கள். ஒருத்தரோடு பேச்சு அறுந்து போனால் நாம் என்ன செய்கிறோம்? சும்மாவா இருக்கிறோம்? அவர் காரை நாமே ஓட்டுகிறோம். அவர் இந்நேரம் இப்படி நினைத்திருப்பார், அப்படிச் சொல்லியிருப்பார் என்று முழு வேகத்தில்! நிஜ ஆளோ மூட்டு வலியோடு பஸ்ஸில் நின்றுகொண்டு வருகிறார்.

காதுகுத்து மலை மேல்தான் நடந்தது. விருந்து ராஜபாளையத்தில், சமையல்காரருக்குச் சொன்ன வார்த்தை வீண் போகக் கூடாதே! குழந்தையை அண்ணன் தூக்கிக்கொள்ள, அண்ணனை என் வீட்டுக்காரர் பின்னாலிருந்து தாங்கிக்கொள்ள, ஒரு படிக்கு ஒரு 'கோவிந்தா' போட்டு ஏறினார்கள்.

ஆசாரி ஊசியை எடுத்தார். மடியில் இருந்த குழந்தை கொட்டக் கொட்ட விழித்துப் பார்த்தது. அலறியது அண்ணன். அதைப் பார்த்து என் வீட்டுக்காரரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தான் குத்தியது யார் காதில் என்று ஆசாரிக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டது.