பந்தல் பார்க்கும் தம்பதி

ஆடிக் கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகன் கோயிலுக்கு நடந்து போகிறேன். ஒரகடம் தாண்டியதும் காலில் கொப்புளம் வந்துவிட, சாலையோரப் பந்தலில் உட்கார்கிறேன். பந்தலைப் பார்த்துக்கொள்ளும் அம்மா வெந்நீரில் உப்புப் போட்டு, கால் வைக்கச் சொல்கிறார். அவர் கணவர் மோர் கொடுக்கிறார். புதியவர்களிடம் பேச எனக்குக் கூச்சம். ஆனாலும் வீடு எங்கே என்று கேட்டுவிடுகிறேன்.

"வூடா? அதோ நிக்குற வேன்தான்," என்கிறார் கணவர். "தையில பழனி ரோட்டுல பந்தல், ஆடியில இங்க, ஆவணியில வேளாங்கண்ணி ரோட்டுல. நடக்குறவங்க கீற வரைக்கும் எங்களுக்கு வேலை கீது."

கம்பெனி கேன்டீனுக்கு ஆள் எடுப்பவர் ஒருவர் பைக்கில் வந்து நிற்கிறார்.

"இன்னாண்ணா, முடிவு பண்ணிட்டியா? ரெண்டு பேருக்கும் பர்மனென்ட் வேலை. சேரப்பணஞ்சேரில ரூமு. இன்னைக்கு விட்டா வேற ஆள் போட்டுடுவாங்க."

கணவருக்கு ஆசைதான். முகத்தில் தெரிகிறது. மனைவியைப் பார்க்கிறார்.

"ஒரே ஷிப்ட்டா?" என்கிறார் அந்த அம்மா.

"அது எப்டிக்கா? உனக்குப் பகல், அண்ணனுக்கு நைட்."

"தண்டலத்துல நாலு வருஷம் அப்படித்தான் இருந்தோம். நான் வேலை முடிஞ்சு வெளிய வந்தா இவரு உள்ள போவாரு. கம்பெனி கேட்டு வாசலாண்ட வூட்டு சாவி மாத்திக்கினதுதான் குடும்பம். இவருக்குத் தலை நரைச்சதையே லேட்டாத்தான் பார்த்தேன். வேணாம்பா."

பைக் போகிறது. அது போகும் திசையையே கணவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு, "தண்ணி அண்டா காலி," என்கிறார். இருவரும் ஆளுக்கொரு காதைப் பிடித்து, அதைக் குழாயடிக்குத் தூக்கிப் போகிறார்கள்.