சித்தப்பாவின் கொழும்பு நாற்காலி

நாற்காலிக் காலடியில் புற்று கிளம்பியிருந்ததைக் கண்ட அன்று வீட்டில் இருந்தவர்கள் அம்மாவும் நானும்தான். அப்பா மதகுத் தண்ணீர்த் தகராறுக்குப் பஞ்சாயத்துப் பேச ஏரிக்குப் போயிருந்தார். சித்தப்பா பூந்தமல்லிச் சந்தைக்குப் போயிருந்தார். சித்தி திருமழிசையில் தாய்வீட்டில் இருந்தாள். அவள் தம்பி மனைவியின் வளைகாப்பு முடிந்தும் மழை விடவில்லை, வண்டி கிடைக்கவில்லை. சித்தி இருந்திருந்தால் புற்று இருந்திருக்காது. அது எனக்குத் தெரியும். தெரிந்ததே தவிர, விளங்கியிருக்கவில்லை.

சித்தப்பா கப்பலில் கலாசி. கயிறு இழுப்பது, தளம் கழுவுவது, சரக்கு ஏற்றி இறக்குவது அவர் வேலை. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் வீட்டில் தங்கிய நாட்களையெல்லாம் சேர்த்தாலும் ஒரு போகம் விளையப் போதாது. வருவார். அயனம்பாக்கம் ஏரிக்கரையில் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பார். ஒருநாள் காலையில் இருக்கமாட்டார். சித்தி அதற்குப் பழகிவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். பழகவில்லை, அலுத்துப்போயிருந்தாள்.

அந்த வருஷம் வந்தவர், "இனிமே போவல. ஒடம்பு அலுத்துப்பூட்ச்சி" என்றார். முதலில் யாரும் நம்பவில்லை. ஒரு ஜோடிக் காளை வாங்கச் சொல்லி அப்பாவிடம் கொடுத்து வைத்திருந்த பணத்தில் பாதிக்கு மேல் திருப்பி வாங்கிக்கொண்டு பட்டணம் போனார். துறைமுகத்து ஏலத்தில் ஒரு வண்டி கள்ளிப்பெட்டிப் பலகையோடு திரும்பியபோதுதான் வீடு நம்பியது.

"மரம் வாங்கியாந்துட்டாருடீ. இனிமே எங்க போப்போறாரு?" என்று அம்மா சித்தியிடம் சொன்னாள். அன்று சித்தி வைத்த குழம்பில் உப்பு இரண்டு முறை விழுந்திருந்தது. யாரும் அதைக் குறை சொல்லவுமில்லை.

பலகைகளின்மேல் கறுப்பு மையில் இங்கிலீஷ் எழுத்துகள் குத்தியிருந்தன. எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால்வைத்த முதல் ஆள் நான். அதனால் எனக்கு வேலை வந்தது.

"இன்னா போட்டுகீறான், படி."

"ரங்கூன்."

"இது?"

எழுத்துக் கூட்டிக் கொஞ்ச நேரம் தடுமாறி, "கொழும்பு" என்றேன்.

ஒரு பலகையை மட்டும் என்னால் படிக்க முடியவில்லை. எழுத்துகள் தெரிந்தன, ஊர் தெரியவில்லை. சித்தப்பா அதைத் தலைகீழாகவும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அது ஒரு சின்னத் தீவு. தூக்கத்துல தாண்டிட்டோம்" என்றார். 'இந்தப் பக்கம் மேலே இருக்கட்டும்' என்பதுதான் அதில் எழுதியிருந்தது என்று உயர்நிலைப் பள்ளிக்குப் போனபிறகு அறிந்தேன். யாரிடமும் சொல்லவில்லை. சொல்வதற்கு அப்போது அந்தப் பலகையும் இல்லை.

ஒவ்வொரு ஊரிலும் தாம் பார்த்ததை ஒவ்வொரு சாமானாகச் செய்வது சித்தப்பாவின் திட்டம். முதலில் ஜப்பான் மேசை. முழங்கால் உயரம்கூட இருக்காது. "அங்கெல்லாம் தரைல குந்திகினுதான் துன்னுவாங்க அண்ணி" என்றார்.

"நாமளும் தரைலதானே குந்தறோம்? அதுக்கு எதுக்கு தம்பி மேச?" என்று அம்மா கேட்டாள்.

அந்த மேசைக்கு நாலு பக்கமும் விரல் உயரத்துக்கு வரப்பு கட்டினார். அலையில் கப்பல் சாய்ந்தால் தட்டு வழுக்கி விழாதாம். அடுத்து, சுவரோரம் கப்பல் கட்டில். உருண்டு விழாமலிருக்க அதற்கும் பக்கப் பலகைகள். அம்மா அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

"இன்னா தம்பி இது, பட்டாளத்துத் தண்டுல வெள்ளக்காரன பொதைக்கிற பொட்டியாட்டம் கீது?"

"பெரண்டா வுழமாட்டோம் அண்ணி."

"தரைலேந்து ஒரு சாண் ஒசரத்துல கீது. வுழுந்தாதான் இன்னா?"

அந்தக் கட்டிலில் சித்தப்பாவைத் தவிர யாரும் படுக்கவில்லை. பகலில் பூனை படுத்தது.

மூன்றாவதுதான் கொழும்பு நாற்காலி. தேயிலைத் தோட்டத்து துரை வீட்டு வாசலில் பார்த்ததாம். முதுகு சாய்ந்திருக்கும், கைப்பிடிகள் காலைத் தூக்கிப் போட்டுக்கொள்ளும் அளவுக்கு முன்னால் நீண்டிருக்கும். இருக்கைக்கு அந்தச் சின்னத் தீவுப் பலகையை வைத்தார். முதுகுக்குக் கொழும்பு.

இவ்வளவையும் அவர் சும்மா தரையில் வைத்திருந்தால் கதை வேறாகியிருக்கும். கப்பலில் எந்தச் சாமானும் தளத்தோடு முடுக்கப்படாமல் இருக்காது. ஒருமுறை புயலில் முடுக்காத பெஞ்சு ஒன்று உருண்டு வந்து கூட்டாளி ஒருவரின் காலை முறித்ததை அவர் பார்த்திருந்தார். அதிலிருந்து ஆடும் சாமானைக் கண்டால் அவருக்குத் தூக்கம் வராது. எங்கள் வீட்டிலோ சாணி மெழுகிய மண் தரை. அதில் எதை முடுக்குவது? கடப்பாரையால் குழி தோண்டி, மேசைக்கும் கட்டிலுக்கும் நாற்காலிக்கும் ஒவ்வொரு காலையும் முழ ஆழம் இறக்கி மண்ணடித்துக் கெட்டித்தார்.

கழனியிலிருந்து வந்த அப்பா கால் கழுவியபடியே பார்த்தார். "தண்ணி ஊத்துடா. துளிர் வுடும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதற்குமேல் பேச அவருக்குத் தெம்பில்லை.

சித்தி மாத்திரம் அந்தக் குழிகளை மண்ணடித்து மூடும்போது பக்கத்திலேயே நின்றாள். ஒரு காலைக் கையால் அசைத்துப் பார்த்தாள். அசையவில்லை. அவள் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

ஒரு மத்தியானம் அப்பா இல்லாத நேரத்தில் சித்தப்பா அவளைக் கூப்பிட்டார். "வா, குந்து. கொழும்புக்கு இட்டுகினு போறேன்னேன் இல்ல?"

"அய்ய, யாருனா பாத்தா இன்னா சொல்வாங்க?"

"கடல்ல யாரு பாக்கறது?"

அவள் முந்தானையை இழுத்துக்கொண்டு, நாற்காலி விளிம்பில், கால் இரண்டையும் சேர்த்துவைத்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "எறங்கட்டா?" என்றாள்.

"இரு, இன்னும் கரை வர்ல."

ஐப்பசி மழையில் ஏரி நிறைந்து, வீட்டுத் தரை ஓதம் ஏறியது. கரையான் வந்தது. கள்ளிப்பெட்டிப் பலகை கரையானுக்குக் கல்யாண விருந்து. சாமான்களின் கால்களையும் நாங்களே மண்ணுக்குள் இறக்கிக் கொடுத்திருந்தோம். தினம் காலையில் சித்தப்பா ஏரிக்குக் குளிக்கப் போனதும், அம்மா மாட்டுத் தொழுவத்தில் இருக்கும் வேளையில், சித்தி விளக்குமாற்றுக் குச்சியால் ஒவ்வொரு காலிலும் ஏறியிருந்த மண்கூட்டைச் சுரண்டுவாள். பிறகு ஒரு பாட்டிலிலிருந்து மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாக வேரடியில் ஊற்றுவாள். தான் மோர் விற்ற காசில் வாங்கிய எண்ணெய் அது. வாசனை தெரியாமலிருக்க உடனே அந்த இடத்தைச் சாணியால் மெழுகிவிடுவாள்.

"இன்னா சித்தி பண்றே?"

"கூடு கட்டுது. தொடச்சி வுடறேன். ஒங்க சித்தப்பா கைல சொல்லாதே. அம்மா கைலயும் சொல்லாதே."

சாமான் கெட்டால் சித்தப்பா கோபிப்பார் என்று பயப்படுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் பக்கத்தில் புற்று என்பது மண் அல்ல. அம்மன் குடியிருக்கும் இடம். வீட்டுக்குள் புற்று எழுந்தால் அவள் தானாகத் தேடி வந்துவிட்டாள் என்று பொருள். அதை இடிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. மஞ்சளும் குங்குமமும் வைத்துப் பால் ஊற்றவேண்டும். சித்திக்கு இது தெரியாததல்ல. அவளும் வெள்ளிதோறும் வேற்காட்டு அம்மன் கோயிலுக்கு நடந்தவள்தான்.

சித்தி திருமழிசையில் தங்கிவிட்ட அந்த மழை நாட்களில் கொழும்பு நாற்காலியின் பின்கால் இரண்டையும் சுற்றிப் புற்று சாண் உயரம் எழும்பியது. அம்மா கண்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "தாயே, எங்க ஊட்ட தேடியா வந்தே?" என்று அழுதாள். மஞ்சளை அரைக்கச் சொல்லி என்னை விரட்டினாள். சற்று நேரத்துக்கெல்லாம் தெருப் பெண்கள் ஈரப் புடவையோடு கூடிவிட்டார்கள்.

"கொழும்புலேந்து வந்த அம்மாளாச்சே, பால் மட்டும் போதுமா? டீத்தண்ணி ஊத்துங்கடீ" என்றாள் ஒருத்தி. சிரித்தவர்களை அம்மா அதட்டினாள்.

சந்தையிலிருந்து திரும்பிய சித்தப்பா தம் நாற்காலியின் முதுகில், கொழும்பு என்ற எழுத்தின்மேல், மூன்று குங்குமப் பொட்டு இருப்பதைப் பார்த்தார். ஜப்பான் மேசையின் வரப்புக்குள் தேங்காயும் பழமும் பத்திரமாக இருந்தன. அவரும் முதலில் சிரித்தார். பிறகு, "அப்ப நான் எங்க குந்தறது?" என்று கேட்டார்.

"அண்ணி சொல்றத கேளு" என்று சொல்லிவிட்டு அப்பா படுத்துவிட்டார்.

சித்தப்பா ஏரிக்கரையில் உட்கார ஆரம்பித்தார். சாப்பாட்டுக்கு மட்டும் வந்தார்.

சித்தி திரும்பி வந்து, மூட்டையைக்கூட இறக்காமல் புற்றைப் பார்த்தபடி நின்றாள். மறுநாள் விளக்குமாற்றுக் குச்சியை எடுத்தாள். அம்மா அன்று தொழுவத்துக்குப் போகவில்லை. "கைய வெக்காதேடீ, கண்ணு பூடும்" என்றாள். சித்தி குச்சியைக் கீழே வைத்துவிட்டு, அதே இடத்தில் வெறுந்தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

தை பிறப்பதற்குள் சித்தப்பா, "ஆர்பர்ல கொஞ்சம் வேல கீது, ஒரு வாரத்துல வந்துர்றேன்" என்று சொல்லிப் போனார். அந்த ஒரு வாரத்தை நான் நம்பினேன். கோடையில் நாற்காலி சாய்ந்தது. உள்ளே மரமே இல்லை. வார்னீஷ் பூசிய தோல் மட்டும் எழுத்தோடு நின்றிருந்தது, தொட்டதும் உதிர்ந்தது.

அதன்பின் யார் வந்து சித்தப்பாவை விசாரித்தாலும் அப்பா ஒரே கணக்கைத்தான் சொல்வார். அலுப்போடு, விரலை மடக்கிச் சொல்வார். "பலகை பன்னண்டு. வண்டிக் கூலி ஒண்ணரை. ஆணியும் வார்னீசும் ஒண்ணே முக்கால். பதினஞ்சே கால் ரூபா."

ஒருநாள் அம்பத்தூரிலிருந்து வந்த உறவுக்காரரிடம் அதைச் சொல்லி முடித்தபோது, சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து சித்தியின் குரல் வந்தது.

"அக்கா, மண்ணெண்ண ரெண்டே முக்கால். அதயும் சேத்துக்க சொல்லு."

"எந்த மண்ணெண்ண?" என்றாள் அம்மா.

"புத்துக்கு ஊத்துனது."

கன்னத்தில் போட்டுக்கொள்ளக் கை தூக்கிய அம்மா பாதியில் நிறுத்திவிட்டாள். அம்மன்மேல் மண்ணெண்ணெய் ஊற்றியவளை அவள் திட்டித் தீர்ப்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் திட்டவில்லை. எழுந்து உள்ளே போய்ச் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. பாட்டில் உடைந்ததற்கே அடிக்கிறவள் அம்மா. உறவுக்காரர் மேலே பார்த்தார். அப்பா மடக்கிய விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

"பதினெட்டு ரூபா" என்றார்.