வரைபடத்தில் நாங்கள் துரை பங்களாவில் குடியிருந்தோம்

எங்கள் பிரதேச சபை திறந்த தரவு இணையத்தளத்தைத் தொடக்கி வைத்த அன்று குத்துவிளக்குக்கு எண்ணெய் போதவில்லை. கன்டீனிலிருந்து தேங்காயெண்ணெய் வந்து சேரும்வரை திரி அணைந்து அணைந்து எரிந்தது. சபைத் தலைவரான தவிசாளர் மடிக்கணினியின் பொத்தானை என்னை அமுக்கச் சொல்லிவிட்டு, தன் விரலை என் விரலுக்குப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டார். மறுநாள் தளத்தின் முகப்பில் அந்தப் படம்தான் இருந்தது. என்னை வெட்டிவிட்டிருந்தார்கள்.

தளத்தைச் செய்தவள் நான். தகவல் தொழில்நுட்பம் படித்துவிட்டு ஒப்பந்தத்தில் சேர்ந்தவள். பொதுமக்களுக்காக அதில் சபை திறந்துவைத்தவை இவை: தவிசாளர் மரம் நடும் படங்கள், அதே மரம் வேறு கோணத்தில், யாரும் எதையும் தேட முடியாதபடி ஸ்கேன் செய்து ஏற்றிய சந்தைக் கடைப் பட்டியல். அந்தப் பட்டியலில் ஒரு பக்கம் தலைகீழாக இருந்தது. நேராக்கட்டுமா என்று கேட்டேன். தேவையில்லை என்றார்கள். நான் பிடிவாதமாக நின்றதால் கடைசியாக ஒன்று சேர்ந்தது: வீதி விளக்கு வரைபடம். எங்கே விளக்கு வேண்டும் என்று மக்கள் போனிலேயே முறைப்பாடு போடலாம். ஒவ்வொரு முறைப்பாடும் ஒரு சிவப்புப் புள்ளி; எங்கே புள்ளி அதிகமோ, அங்கே முதலில் விளக்கு. சபையில் கைதட்டித் தீர்மானம் நிறைவேற்றினார்கள்.

எனக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு விளக்கு. தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிசனில் எங்கள் லயத்து வீடுகளிலிருந்து பெரிய ரோட்டுக்கு இறங்கும் குறுக்குப் பாதையில் ஒரு வளைவு உண்டு. ஒரு பக்கம் தேயிலை, மறுபக்கம் மழைத்தண்ணீர் ஓடும் கான். லயத்துக்குக் கரண்டு போகும் கம்பம் அங்கேயே நிற்கிறது, விளக்குதான் இல்லை. என் அண்ணி விடியுமுன் அந்த வழியாக இறங்கித்தான் டவுன் கார்மெண்ட்ஸுக்குப் போகும் பஸ்ஸைப் பிடிப்பார். ஒரு கையில் சாப்பாட்டுப் பை, மறு கையில் போன் டார்ச். மழை நாளில் குடை பிடிக்கக் கை கிடையாது. போன வருடம் அதே இடத்தில் சறுக்கிக் கானுக்குள் விழுந்தார். இப்போது வயிற்றில் பிள்ளை.

"முறைப்பாடு போடுங்க அண்ணி. போன்லயே போடலாம், நான் காட்டித் தர்றேன்" என்றேன்.

அண்ணி தான் போட்டதோடு நிற்கவில்லை. தன்னோடு இறங்கும் பெண்கள் எல்லோரையும் போட வைத்தார். அந்த வளைவிலேயே, இருட்டில் நின்று போட்டார்கள்.

காலையில் அலுவலகத்தில் வரைபடத்தைத் திறந்தேன். வளைவில் ஒரு புள்ளிகூட இல்லை. எல்லாச் சிவப்பும் தோட்ட மானேஜரான துரையின் பங்களா வாசலில் குவிந்திருந்தது.

காரணம் விலாசம். லயத்துக்குத் தெருப் பெயரும் இல்லை, வீட்டு இலக்கமும் இல்லை. தோட்டத்தின் பெயர், தபாலகம், அவ்வளவுதான். எங்கள் எல்லோருடைய கடிதமும் தோட்ட அலுவலகமான கந்தோருக்கு வரும். கந்தோர் இருப்பது பங்களா வாசலுக்கு எதிரே. முறைப்பாட்டில் தெரிவு செய்யச் சபை கொடுத்த விலாசப் பட்டியலில் டவுனின் ஒவ்வொரு சந்துக்கும் தனி வரி. எங்கள் தோட்டம் முழுவதற்கும் ஒரே வரி, கந்தோர் இருக்கும் இடம். டிவிசன் வாரியாகப் பிரித்து நான் முன்பே கொடுத்ததைச் சபைச் செயலாளர் திருப்பி அனுப்பியிருந்தார். மறுபடியும் அவரிடம் போனேன்.

"பிள்ளை, நீர் ஏன் குழம்புறீர்?" என்றார், யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த அந்த மனிதர். "உங்கட ஆக்கள் எல்லாருக்கும் ஒரே விலாசந்தானே."

"விலாசம் ஒண்ணுதான் சேர். ஆனா அங்க யாரும் குடியிருக்கல."

"பதிவில என்ன கிடக்கோ அதுதான் தரவு. நாங்கள் கை வைச்சா அது பொய்யாப் போயிடும்."

"அப்ப எங்க சனம் முழுக்க துரை பங்களா வாசல்ல இருக்குதுங்கிறது உண்மையா சேர்?"

அவர் தேநீருக்கு மணி அடித்தார்.

வீட்டில் சொன்னதும் அண்ணி விழுந்து விழுந்து சிரித்தார். "நான் பங்களாக்காரியா? மொதல்லயே சொல்லியிருந்தா கல்யாணத்துக்கு இன்னும் நல்ல சீலையா கேட்டிருப்பேனே!" பிறகு காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "சரி, லைட்டு எப்ப புள்ள வரும்?" என்றார்.

விளக்கு வராத கோபத்தில் பெண்கள் இன்னும் இன்னும் முறைப்பாடு போட்டார்கள். பங்களா வாசல் இன்னும் இன்னும் சிவந்தது. சபைக் கூட்டத்தில் அதைத் திரையில் காட்டி, "இதுதான் மக்களின் குரல்" என்றார் தவிசாளர். ஏற்கெனவே கேட்டின் இரண்டு தூணிலும் விளக்கு எரியும் அந்த வாசலுக்கு நேர் எதிரே புதிய விளக்குகளைப் போட்டார்கள். படம் எடுத்தார்கள். தரவைக் கொண்டு ஆட்சி செய்ததற்காக எங்கிருந்தோ ஒரு சான்றிதழ் வந்தது. கண்ணாடி போட்டு மாட்டினார்கள்.

அதன் பிறகு துரையும் ஒரு முறைப்பாடு போட்டார், எங்கள் தளத்திலேயே. புது விளக்கு படுக்கையறைக்குள் அடிக்கிறதாம், நாய் தூங்குவதில்லையாம், ஒன்றையாவது கழற்ற வேண்டுமாம். அத்தனை பெண்கள் கேட்டும் அசையாத சபை, ஒரு நாய்க்காக அன்றே எழுந்து நின்றது.

"உடன கழட்டச் சொல்லும்" என்றார் செயலாளர்.

"கழட்டினத என்ன செய்றது சேர்?"

அவர் யோசித்தார். விளக்கு களஞ்சியத்தில் கிடந்தால் கணக்காய்வுக்காரர்கள் கேட்பார்கள். நான் வேலைக் கட்டளையை எழுதி நீட்டினேன்: அகற்றிய விளக்கை அதே விலாசத்தில் வேறொரு கம்பத்தில் பொருத்தவும்.

நிதானமாக வாசித்தார். முகம் மலர்ந்தது. "விலாசம் மாறேல்ல. அப்ப பதிவிலயும் ஒண்டும் மாத்தத் தேவையில்ல. நல்லது பிள்ளை." கையெழுத்துப் போட்டார்.

சபையின் மின்வேலைக்காரர் சிங்களவர். எங்களோடு பழகித் தமிழ் பேசுவார். "எந்தக் கம்பம் மிஸ்?"

"மேல் டிவிசன் வளைவுக் கம்பம்."

"அது பங்களாவுக்குத் தூரம் தானே?"

"விலாசம் ஒண்ணுதான்."

கட்டளையை இன்னொரு முறை பார்த்தார். சிரித்தபடி ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் விடியுமுன் என் போன் அடித்தது. அண்ணி பஸ்ஸில் ஏறியிருந்தார். சுற்றிலும் பெண்களின் சத்தம். "ஏ புள்ள, காலு தெரியுது! எங்க வைக்கிறேன்னு பார்த்துப் பார்த்து வச்சு வந்தேன்."

வரைபடத்தில் அந்த விளக்கு இன்றைக்கும் துரை பங்களா வாசலில்தான் எரிகிறது. யாரும் திருத்தச் சொல்லவில்லை. நானும் திருத்தவில்லை; திருத்தப் போனால் விளக்கு வளைவில் எரிவது தெரிந்துவிடும், பதிவில் இருக்கும் இடத்துக்கே அதைத் திரும்பக் கொண்டுபோய் மாட்டிவிடுவார்கள்.