தூண்லதான் மேடம்!

கொக்கியம்மா என்ற பேரை அவளுக்கு யார் வைத்தது என்று கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. வைத்தவன் கடுப்பில்தான் வைத்திருப்பான். ஆனால் அவளுக்கு அந்தப் பேர் பிடித்துப்போய்விட்டது. சொந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் சட்டென்று திரும்ப மாட்டாள். கொக்கியம்மா என்றால் எந்த மாடியில் இருந்தாலும் பதில் குரல் வரும். கட்டட வேலைக்கு வருகிறவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுப்பது அவள் உத்தியோகம். அவளிடம் வகுப்பு கேட்டு, அவள் கையால் ஹெல்மெட்டில் பச்சை வில்லை ஒட்டிக்கொண்டால்தான் மேலே ஏற முடியும். வில்லை இல்லாமல் ஏறிய ஒருத்தனைச் சட்டைக் காலரைப் பிடித்து இறக்கினாள் என்று ஒரு கதை உண்டு. காலரை இல்லை, பெல்ட்டைத்தான் பிடித்தேன் என்பாள்.

அவளும் ஒரு காலத்தில் கலவைச் சட்டி சுமந்தவள்தான். ஒரு கோடையில் கம்பெனிக்காரர்கள் எல்லாரையும் ஓர் அறையில் உட்காரவைத்து வகுப்பு எடுத்தார்கள். அறையில் மின்விசிறி இருந்ததால் கூட்டம் நிம்மதியாகத் தூங்கியது. இவள் மட்டும் கேள்வி கேட்டே பயிற்சியாளரை ஒரு வழி பண்ணிவிட்டாள். "கயிறு என்னைத் தாங்கும், சரிங்க சார். கயித்தை எது தாங்கும்?" என்றாள். அந்த மனிதருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. தூங்குகிறவர்களுக்கு மத்தியில் ஒருத்தியாவது விழித்திருக்கிறாளே! வகுப்பு முடிந்ததும் மேலிடத்தில் சொல்லி அவளைத் தனக்கு உதவியாகக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவரிடம் தொழில் கற்று, பரீட்சை எழுதி, இப்போது அவளே தனியாக வகுப்பு நடத்துகிறாள். அவள் வகுப்பில் யாரும் தூங்க முடியாது. தூங்கினால் சாக்பீஸ் பறந்து வரும்.

பாதுகாப்பு பெல்ட் போடாதவர்களைப் பற்றி அவளுக்கு அவ்வளவு கவலை இல்லை. அவர்கள் தூரத்திலேயே கண்ணுக்குத் தெரிந்துவிடுவார்கள். பெல்ட்டும் போட்டு, அதன் கயிற்று நுனியில் இருக்கிற கொக்கியைத் தப்பான இடத்தில் மாட்டுகிறவர்கள்தான் அவள் தூக்கத்தைக் கெடுப்பவர்கள். அதிலும் சாரம் பிரிக்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்கள் தனி ரகம். கைக்குப் பக்கத்தில் எந்தப் பைப் இருக்கிறதோ அதில் கொக்கியை மாட்டுவார்கள். அடுத்து ஸ்பேனரை எடுத்து அதே பைப்பைக் கழற்றுவார்கள். உட்கார்ந்திருக்கிற நாற்காலியின் காலைத் தானே அறுக்கிற மாதிரி. சொன்னால் சிரிப்பார்கள். மறுபடியும் அங்கேயே மாட்டுவார்கள். கை அப்படிப் பழகிவிட்டது.

இந்த ரகத்தில் முதல் ஆள் அவள் புருஷன்.

சாரம் கட்டுவதிலும் பிரிப்பதிலும் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. எல்லாரும் அவனைச் சாரக்காரர் என்றே கூப்பிடுவார்கள். இத்தனை நாள் வேறு வேறு கட்டடங்களில் வேலை பார்த்ததால் வீட்டில் இருவரும் தொழில் பேசாமலேயே ஓட்டிவிட்டார்கள். இப்போது லிப்ட் குழிக்குள் கட்டியிருந்த சாரத்தைப் பிரிக்க, மேஸ்திரி அவனை இவள் கட்டடத்துக்கே கூட்டி வந்துவிட்டார். வந்தவன் வகுப்பில் கடைசி வரிசையில், கல்யாண வீட்டில் சம்பந்தி உட்காருகிற தோரணையில் உட்கார்ந்தான்.

வகுப்பறையின் மூலையில் சின்னதாக ஒரு சாரம் உண்டு. அதில் ஏற்றி இறக்க ஒரு மணல் மூட்டையும் உண்டு. பெல்ட், ஹெல்மெட் எல்லாம் போட்டு ஜம்மென்று இருக்கும். அதற்கு மாப்பிள்ளை என்று பேர்.

"சாரக்காரரே, வாங்க. மாப்பிள்ளைக்குக் கொக்கி மாட்டிட்டு, அந்த மேல் பைப்பைக் கழட்டுங்க" என்றாள்.

அவன் எழுந்து வந்தான். பக்கத்தில் இருந்தவனோடு பேசிக்கொண்டே கொக்கியை மாட்டினான், பேசிக்கொண்டே பைப்பைக் கழற்றினான். பைப்போடு சேர்ந்து மாப்பிள்ளையும் தொப்பென்று கீழே விழுந்தார். அறை கொல்லென்று சிரித்தது.

"பாத்தீங்களா?" என்றாள்.

"மாப்பிள்ளைக்குக் கை இல்லம்மா. எனக்கு ரெண்டு இருக்கு. விழுந்தா எதையாவது புடிச்சுக்குவேன்" என்றான். இந்தத் தடவை சிரிப்பு அவன் பக்கம்.

அவள் அசரவில்லை. லிப்ட் குழிக்கு அவள் வைத்திருக்கிற முறையைச் சொன்னாள். ஒவ்வொரு மாடியிலும் குழி வாசலுக்கு வெளியே இருக்கிற தூணில் கம்பிக்கயிறு சுற்றியிருக்கும். கொக்கியை அதில்தான் மாட்டவேண்டும். ஒவ்வொரு பைப்பிலும் கை வைக்கும் முன்பு கூட இருக்கிறவன் "எங்க?" என்று கேட்க வேண்டும். "தூண்ல" என்று சத்தமாகப் பதில் வந்தால்தான் ஸ்பேனர் திரும்பலாம்.

"நான் என்ன தள்ளுவண்டியில காய் விக்கிறேனா, கூவிக்கிட்டே வேலை செய்ய? என்னால முடியாது" என்றான் அவன்.

அவன் ஹெல்மெட்டில் அவள் வில்லை ஒட்டவில்லை.

மேஸ்திரி ஓடி வந்தார். "என்ன கொக்கியம்மா, சொந்தப் புருஷன் வயித்துலயே அடிக்கிறீங்க? அவரை விட்டா அந்தக் குழிக்கு எனக்கு ஆள் ஏது?"

"வீட்லதான் அவர் புருஷன். இங்க வில்லை இல்லாத ஹெல்மெட். அனுப்ப மாட்டேன்."

சொல்லிவிட்டாளே தவிர, உள்ளே அவளுக்கு அடித்துக்கொண்டது. இவனை விட்டுக்கொடுத்துவிட்டால் நாளை எவனும் அவள் பேச்சை மதிக்க மாட்டான். அதுகூடப் போகட்டும். இவன் கொக்கி மாட்டுகிற லட்சணத்தைக் கண்ணால் பார்த்த பிறகு அந்தக் குழிக்குள் அனுப்பிவிட்டு அவளால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியுமா? அவளுக்கு அவன் வேண்டும். கோபக்காரனாக இருந்தாலும் முழுசாக வேண்டும்.

அன்று இரவு வீட்டில் சாப்பாட்டு வேளையில் அவன் அவளிடம் பேசவில்லை. அவன் அம்மாவைப் பார்த்துச் சொன்னான். "மேடம்கிட்ட கேளும்மா. சோறு போட நெத்தியில பச்சை வில்லை ஒட்டணுமான்னு."

"நான் என்ன தபால்காரியா? பக்கத்துலதானே உக்காந்திருக்கா, நீயே கேளு" என்றாள் மாமியார். பிறகு, சோற்றைப் பிசைந்துகொண்டே மகனைப் பார்க்காமல் சொன்னாள்: "நாலு வார்த்தை கத்தறதுல உனக்கு என்னடா கொறைஞ்சு போச்சு? சின்ன வயசுல வீடே இடியற மாதிரி கத்துவியே."

மறுநாள் காலை அவன் வகுப்பறை வாசலில் நின்றான். முகம் கடுகடுவென்று இருந்தது. ஹெல்மெட்டை நீட்டினான். "ஒட்டு. கத்தறேன். ஊருக்கே கேக்கற மாதிரி கத்தறேன், போதுமா?"

"போதும்" என்று ஒட்டினாள்.

சொன்னதைச் செய்தான். செய்தான் என்றால் வஞ்சனை இல்லாமல் செய்தான். லிப்ட் குழி வகுப்பறைக்குப் பக்கத்துச் சுவர்தான். மேலே தும்மினால்கூடக் கீழே கேட்கும். கூட்டாளி "எங்க?" என்று கேட்டு வாயை மூடுவதற்குள், "தூண்லதான் மேடம்!" என்று ஒரு கத்தல். வெளியே செங்கல் இறக்குகிறவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரம் போனால் மறுபடியும், ராகம் போட்டு, "தூண்லதான் மேடம்!" புதிதாக வந்தவர்கள் வகுப்பில் உட்கார்ந்துகொண்டு வாயைப் பொத்திச் சிரித்தார்கள். கிண்டல் தன்னைத்தான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். பலகையில் ஏணியை எந்தச் சாய்வில் வைப்பது என்று படம் போட்டுக்கொண்டே, அடுத்த கத்தல் எப்போது வரும் என்று ஒரு காதைக் குழிப் பக்கமே வைத்திருந்தாள். வீட்டில் அவன் இத்தனை தடவை அவளோடு பேசியதே கிடையாது. ஒவ்வொரு கத்தலுக்கும் அவளுக்கு உள்ளே குளிர்ந்தது. கத்துகிறவன் பத்திரமாக இருக்கிறான்.

சாப்பிட்டு வந்து பிற்பகல் வகுப்பு ஆரம்பித்திருந்தாள். குழிக்குள்ளிருந்து பைப்புகள் கடகடவென்று மோதிக்கொண்டு இறங்குகிற சத்தம் கேட்டது. அடியில் போய் ஏதோ பெரிதாக விழுந்தது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

அவள் கையில் இருந்த சாக்பீஸ் ஒடிந்திருந்தது.

அப்புறம் குரல் வந்தது. ராகம் இல்லை, கிண்டல் இல்லை. மூச்சு வாங்கியது.

"தூண்ல... தூண்லதாம்மா மாட்டியிருக்கேன்."

அவளுக்கு உயிர் வந்தது. வந்த வேகத்தில் படியேறினாள். "தொங்கறாரு! அவருக்குக் கீழ் மாடியில இருக்கிற குழி வாசலுக்குப் போங்க. மாப்பிள்ளைய எப்படி இழுத்தோமோ அப்படியே. யாரும் கொக்கி இல்லாம விளிம்புக்குப் போகக் கூடாது!" என்று ஓடிக்கொண்டே கத்தினாள். பெல்ட்டில் தொங்குகிறவனை நெடுநேரம் விட்டால் தொடை வார் இறுக்கி, ரத்தம் காலிலேயே தேங்கி மயங்கிவிடுவான். இதை அவள் அலுக்காமல் சொல்லிக்கொடுத்திருந்தாள். மாப்பிள்ளையைக் குழிக்குள் தொங்கவிட்டு இழுத்துப் பழக்கியிருந்தாள். அப்போது விளையாட்டு என்று நினைத்தவர்கள் இப்போது ஒரு வார்த்தை பேசாமல் அவரவர் இடத்தில் நின்றார்கள்.

"காலை ஆட்டிக்கிட்டே இருங்க" என்றாள் வாசலில் நின்று.

"ஆட்டறேன்" என்றது குழி.

தொரட்டுக் கழியைப் பெல்ட்டில் கோத்து, இரண்டு பேர் பிடித்து, அவனை வாசலுக்குள் இழுத்துப் போட்டார்கள். தோளில் ஒரு சிராய்ப்பு, தொடையில் வார் தடம். அவ்வளவுதான். அவனுக்கு மேலே இருந்த கூட்டாளி, மேல் மாடி வாசல் வழியாக வெளியேறி, படியில் இறங்கி வந்தான். நடந்ததை அவன்தான் சொன்னான். பைப்புகளை இணைக்கிற கிளாம்ப் ஒன்று விட்டுப்போய், சாரக்காரர் பிடித்திருந்த பைப் நழுவியிருக்கிறது. அதுவும் அவர் நின்றிருந்த பலகையும் சேர்ந்து போயிருக்கின்றன. எந்தப் பைப்? கைக்குப் பக்கத்துப் பைப். பழைய பழக்கத்தில் கொக்கி மாட்டியிருக்கக்கூடிய அதே பைப்.

சாரக்காரன் சுவரில் சாய்ந்து தண்ணீர் குடித்தான். தன் உள்ளங்கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கை ரெண்டும் இருந்துச்சு. எதையும் புடிக்க முடியலம்மா" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை.

அவனை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக மேஸ்திரி வண்டி எடுத்து வரச் சொன்னார். அது வருவதற்குள் ஒரு வேலை பாக்கி இருந்தது. ஒருமுறை ஆளைத் தாங்கிய பெல்ட்டை மறுபடி யாரும் போட்டுக்கொள்ளக் கூடாது. அங்கேயே அறுத்துப் போட்டுவிட வேண்டும். அவள் கத்தியை எடுத்தாள். வாரின் மேல் வைத்தாள். கத்தி வழுக்கியது. மறுபடி வைத்தாள். கண்ணில் நீர் முட்டி வார் எங்கே, விரல் எங்கே என்று தெரியவில்லை.

அவன் நகர்ந்து வந்து, வாரின் இரண்டு பக்கமும் இழுத்து விறைப்பாகப் பிடித்துக்கொண்டான்.

"நல்ல பெல்ட்டு" என்றான்.

"நல்ல பெல்ட்டுதான்" என்று அறுத்தாள்.

"நாளைக்கு?"

"டாக்டர் சரின்னு சொன்னப்புறம் புது பெல்ட் தரேன். ஆனா கத்தணும்."

"எவ்வளவு சத்தமா?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எனக்குக் கேக்கற அளவுக்கு."