உயிரோடிருந்த பதினேழு நத்தைகள்

மட்டக்குதிரையில் பழனிக்குப் பூண்டு இறக்குகிற ஆட்கள் சொன்னார்களாம். கேட்டவர்கள் அடிவாரத்தில் இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னார்களாம். கோடைக்கானலில் ஒரு துரைசானி பால் ஊற்றி நத்தை வளர்க்கிறாள், அதைத் தின்றால் எப்பேர்ப்பட்ட மூலமும் மூன்றே நாளில் சுருங்கிவிடும் என்று.

சிவபாக்கியம் அதைக் கேட்டுச் சிரித்தாள். அந்த நத்தைகளை ஏழு வருஷமாக எண்ணுகிறவளே அவள்தான். கிளாவரைக் கிராமத்தில் புருஷன் காய்ச்சலில் போனபிறகு கோடைக்கானலுக்கு வந்து, அந்தத் துரைசானி பெல்லமி அம்மாவின் தோட்டத்தில் களை பறிக்கச் சேர்ந்தாள். முட்டைக்கோசையும் டாலியாப் பூச்செடியையும் ஒரே ராத்திரியில் சல்லடையாக்கும் நத்தையை ஒழிப்பது எப்படி என்று ஆராய்ந்து, தோட்டக்காரர்களுக்குத் துண்டறிக்கை எழுதுவது அம்மாவின் வேலை. வெள்ளனே பனி கலைவதற்குள் பாத்தி பாத்தியாகக் குனிந்து, ஓடுள்ளது எத்தனை, ஓடில்லாதது எத்தனை, செத்தது எத்தனை என்று பலகையில் கரிக்கோடு போடுவது இவள் வேலை. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவள் போட்ட கோடு ஒருநாளும் தப்பியதில்லை.

தவிட்டில் வெல்லமும் பாஷாணமும் பிசைந்து உருட்டிப் பாத்தியில் வைப்பார்கள். செத்த நத்தையைக் குழியில் தள்ளிச் சுண்ணாம்பு கொட்டுவாள். மூன்று தரம் சாம்பல் தேய்த்துக் கை கழுவாமல் சோற்றைத் தொடமாட்டாள்.

அவளுக்கென்று மிஞ்சியிருந்தவன் தம்பி அழகுமலை ஒருவன்தான். பழனியில் சேக் பரீது ராவுத்தரின் பூண்டு மண்டியில் மூட்டை தூக்கினான். யுத்தம் தொடங்கிய மறுவருஷம், ஒரு புதன்கிழமை காலையில், குதிரைக்காரர் பிச்சை முகம்மது தோட்டத்து வாசலில் வந்து நின்றார்.

"ஏ தங்கச்சி, ஒந் தம்பி மூலம் வந்து உக்கார மாட்டாம நிண்டுக்கிட்டே சோறு திங்கிறான். மண்டியில அவனுக்கு 'நட்டுவச்ச கம்பம்'னே பேராயிப்போச்சு. துரைசானி நத்தையில கொஞ்சம் கேட்டு என்னை அனுப்பிருக்கான்."

"இது மருந்து வச்ச தோட்டம்ணே. கொளத்து நத்தையப் பிடிச்சுத் திங்கச் சொல்லுங்க."

"கொளம் வத்திக் கெடக்கு. அழுவுறாந் தாயி, அம்புட்டு பெரிய ஆம்பள."

சிவபாக்கியம் பாத்தியைத் திரும்பிப் பார்த்தாள். உருண்டை வைத்த இடத்தில் செத்தவை போக, கொம்பு நீட்டி ஊர்பவையும் இருந்தன. தின்றிருந்தால் செத்திருக்கும். சாகவில்லை, அப்படியானால் தின்னவில்லை. ஏழு வருஷ எண்ணிக்கையும் அவளுக்கு அதைத்தான் சொன்னது. கொழுத்ததாகப் பதினேழைப் பொறுக்கி, ஈரப்பாசி பரப்பிய கலயத்தில் போட்டு வாயைத் துணியால் கட்டிக் கொடுத்தாள்.

"நல்லாக் கழுவி, கொதிக்க வச்சுத் திங்கணும். வெள்ளிக்கிழமை ஆரம்பிக்கச் சொல்லுங்க, நல்ல நாளு."

அன்றைக்குப் பலகையில் முதல் தடவையாகப் பதினேழு கோடு குறைந்தது.

வெள்ளிக்கிழமை உச்சிப்பொழுதில் பெல்லமி அம்மா கோழிக்கூண்டு முன்னால் நின்றிருந்தார். உள்ளே அடைத்திருந்த இரண்டு கோழிகளும் கழுத்து மடங்கிக் கிடந்தன.

"என்னாங்கம்மா போட்டீங்க?"

"உருண்டை வச்ச பாத்தியில மிஞ்சின நத்தை. பொறுக்கின நத்தையைக் கோழிக்குப் போடலாமான்னு எல்லாரும் கேட்டு எழுதுறாங்க, இல்லையா? உயிரோடதான் இருந்துச்சு, சிவபாக்கியம். விஷத்தைத் தின்னும் சாகாம இருந்திருக்கு. இதை உடனே எழுதணும்."

குறைந்த பதினேழு கோட்டைப் பற்றியும், அவற்றைத் தம்பிக்குக் கொடுத்தனுப்பியதைப் பற்றியும் சிவபாக்கியம் அப்போதுதான் வாய் திறந்தாள். அம்மா ஒரு வார்த்தை ஏசவில்லை. தொப்பிகூடப் போடாமல் அவள் கையைப் பிடித்துக்கொண்டு தபாலாபீசுக்கு ஓடினார்.

பழனி மண்டியில் டெலிபோன் இருந்தது. லைன் கிடைப்பதற்குள் அம்மா நாற்காலியில் இரண்டு தரம் உட்கார்ந்து எழுந்தார். கிடைத்ததும் தபாலாபீஸ் குமாஸ்தா டெலிபோன் குழாயைச் சிவபாக்கியத்தின் காதில் வைத்தார்.

"மணி அடிக்குதுங்க. யாரும் எடுக்கலைங்களே."

குமாஸ்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒண்ணேகால். வெள்ளிக்கிழமையில்ல, ராவுத்தரு ஜும்மாவுக்குப் போயிருப்பாரு. மண்டி பூட்டிக் கெடக்கும். தொழுகை முடிஞ்சா வெரசா வந்துருவாக. பதறாத, ஆத்தா."

மண்டியைப் பூட்டினால் அழகுமலை வீட்டுக்குப் போவான். சாப்பிடப் போவான். நின்றுகொண்டே சாப்பிடுவான்.

"வச்சிரட்டுமா?"

"வேணாங்க. அடிக்கட்டும்."

குழாயைக் காதோடு அழுத்திக்கொண்டு, ஒவ்வொரு மணிக்கும் மேசை மரத்தில் நகத்தால் ஒரு கோடு கீறினாள். பதினாறு. பதினேழு. பதினெட்டு.