ஒரு நுகத்தடி, இரண்டு வீடு

"சோன்யா, உன் பக்கத்துல நடக்கறவன்கிட்டச் சொல்லு. அவன் எஜமான் கலப்பையை ரொம்ப அழுத்தறார். விதை என்ன பாதாளத்துக்கா போகணும்?"

அனுசயாபாய் இதைச் சொல்வது தன் காளையிடம். கேட்க வேண்டியவரான கொண்டிபா, கலப்பையின் கைப்பிடியைப் பிடித்தபடி ஒரு முழம் தள்ளித்தான் நடக்கிறார். அவர் திரும்பிப் பார்ப்பதில்லை. கைப்பிடியைக் கொஞ்சம் தளர்த்துகிறார். பிறகு தன் காளையைக் கூப்பிடுகிறார்.

"மாணிக், விதை கொத்துக் கொத்தா விழுதுன்னு மேட்டுக்காரம்மாகிட்டச் சொல்லு. விரலுக்குத் தூக்கமான்னு கேளு."

கலப்பையின் மேலுள்ள மரக்கிண்ணத்தில் சோளம் விட்டுக்கொண்டிருந்த அனுசயாபாயின் விரல்கள் உடனே நிதானமாகின்றன. இரண்டு காளைகளும் காதை ஆட்டிக்கொண்டு நடக்கின்றன. ஆறு வருடமாக எங்கள் தாமண்வாடியில் இப்படித்தான் விதைப்பு நடக்கிறது.

ஒற்றை மாடு வைத்திருக்கும் இருவர் சேர்ந்து ஜோடி கட்டிக்கொள்வது இங்கே வழக்கம். இந்த ஜோடி எழுபத்திரண்டாம் வருடப் பஞ்சத்தில் அமைந்தது. சரிவின் நடுவில் இருக்கும் குளத்தை அப்போதுதான் வெட்டினார்கள். அனுசயாபாயின் மாமியாரும் கொண்டிபாவின் தாயாரும் ஒரே வரிசையில் நின்று மண் சுமந்தவர்கள். பஞ்சம் முடிந்தபோது இரண்டு வீட்டிலும் ஆளுக்கொரு மாடுதான் மிஞ்சியது. அதற்குப் பிறகு மாடுகள் எத்தனையோ மாறிவிட்டன. ஜோடி மாறவில்லை.

அது நிலைத்ததற்கு ஊரின் சரிவும் ஒரு காரணம். குளத்துக்கு மேலே அனுசயாபாயின் ஒரு ஏக்கர், சரளை மண். மழை நின்ற இரண்டாம் நாள் பதம் வரும், மூன்றாம் நாள் போய்விடும். குளத்துக்குக் கீழே ஓடையோரம் கொண்டிபாவின் மூன்று ஏக்கர், கரிசல். ஐந்தாம் நாள் வரை கால் வைத்தால் முழங்கால் வரை வாங்கும். ஆகவே ஜோடி முதலில் மேலே போகும், பிறகு கீழே இறங்கும். யார் முதலில் என்று ஒரு நாளும் பேச்சு வந்ததில்லை. டிராக்டர் வைத்திருப்பவர்கள் உண்டு. அது மேட்டில் வரப்புக்கு வரப்பு திரும்ப முடியாது. கீழே சக்கரம் புதைந்துவிடும்.

சண்டை வந்தது பஞ்சாயத்துத் தேர்தலில். பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் அனுசயாபாய் நின்று ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். ஜெயித்தவர் கொண்டிபாவின் தம்பி மனைவி. "அந்த ஒரு ஓட்டு எது? முந்தின நாள் சாயங்காலம் என் வீட்ல ரொட்டி தின்ன கைதான்!" என்று அனுசயாபாய் சாவடி முன்னால் நின்று கத்தினார். தான் அனுசயாபாய் அண்ணிக்குத்தான் போட்டதாகக் கொண்டிபா கோயிலில் கற்பூரம் அணைக்கக்கூடத் தயாராக இருந்தார். அனுசயாபாய் கேட்கவில்லை. அன்றோடு "அண்ணி" மேட்டுக்காரம்மாவானார், "கொண்டிபா அண்ணன்" வெறும் எஜமான் ஆனார்.

அனுசயாபாய்க்கு ஐம்பத்திரண்டு வயது. கச்சம் வைத்துக் கட்டிய ஒன்பது கஜச் சேலை, அதன் மேல் லாரி ஓட்டும் கணவரின் பழைய காக்கிச் சட்டை. சட்டைப் பையில் எப்போதும் வறுத்த கடலையும் ஒரு சீப்பும் இருக்கும். சீப்பு தலைக்கு அல்ல, சோன்யாவின் வால் குஞ்சத்துக்கு. கணவர் தீபாவளிக்கு வருவார். வந்ததும் முதலில் மாட்டுக் கொட்டகைக்குத்தான் போவார். "என்னை விசாரிக்கறதுக்கு முன்னாடி அதை விசாரிப்பார். பரவால்ல, அதுதானே இங்க கூடவே இருக்கு!" என்று அனுசயாபாய் சொல்லிச் சிரிப்பார்.

மழை நின்றால் தினமும் காலையில் ஒரு பிடி மண் எடுத்து உருட்டி, இடுப்பு உயரத்திலிருந்து கீழே போடுவார். சப்பென்று அமர்ந்தால் பதமில்லை. பொலபொலவென்று உதிர்ந்தால் கலப்பை எடுக்கலாம். பக்கத்துக் காட்டுக்காரர்கள் வானொலியில் எதைக் கேட்டாலும், கடைசியில் வேலியோரம் வந்து, "உருண்டை என்ன சொல்லுது?" என்று அவரிடம்தான் கேட்பார்கள். களையெடுக்கவும் அறுக்கவும் போகும் ஏழு பெண்களுக்கு அவர்தான் தலைவி. கூலி குறைத்துச் சொல்பவரிடம் வாதாட மாட்டார். அரிவாளை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்க ஆரம்பித்துவிடுவார். பின்னால் ஏழு பேரும் நடப்பார்கள். ஊர் எல்லைக்குள்ளேயே திரும்பக் கூப்பிட ஆள் ஓடி வந்துவிடும்.

போன அக்டோபரில் மழை ஒன்றரை நாள் பெய்தது. இனி இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் சோளம் அந்த ஒரு மழையின் ஈரத்திலேயே முளைத்துக் கதிர் விட வேண்டும். அனுசயாபாய்க்கு அந்த ஒரு ஏக்கர்தான் வருடத்து ரொட்டி. அதன் தட்டைதான் சோன்யாவின் தீனி. இரண்டாம் நாள் காலை உருண்டை உதிர்ந்தது. கொண்டிபா மாணிக்கை ஓட்டிக்கொண்டு மேலே வந்தார். மாணிக்கின் கழுத்தில் ஒரு துண்டு சுற்றியிருந்தது.

பூட்டும் முன் இரண்டு மாட்டின் கழுத்தையும் தடவிப் பார்ப்பது அனுசயாபாயின் பழக்கம்.

"மாணிக், துண்டு எதுக்குடா? கல்யாணத்துக்குக் கிளம்பிட்டியா?"

"சோன்யா, ஈ மொய்க்குதுன்னு கட்டினதுன்னு உன் எஜமானிகிட்டச் சொல்லு" என்றார் கொண்டிபா.

அனுசயாபாய் துண்டைத் தூக்கினார். முந்தின வாரம் எரு வண்டி இழுத்தபோது புது நுகத்தடி உரசி, உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்திருந்தது. மேலே மஞ்சள் அப்பியிருந்தது. இன்று பூட்டினால் புண் ஆழமாகும், ஐந்தாம் நாள் கீழ்க்காட்டில் மாணிக் ஒரு சால்கூட இழுக்காது. இன்று விட்டால் அதற்குள் ஆறிவிடும். ஊரில் மற்ற ஜோடிகள் எல்லாம் விடியும்போதே காட்டுக்குப் போய்விட்டன.

"சோன்யா, இன்னிக்கு மேட்டு முறைன்னு சொல்லு" என்றார் கொண்டிபா, மலையைப் பார்த்துக்கொண்டு. "எங்கம்மா காலத்துல இருந்து முறை மாத்தினதில்ல. நான் மாத்தினேன்னு நாளைக்குச் சாவடியில பேச்சு வர வேணாம்."

"மாணிக், உன் எஜமான் பெரிய தர்மராஜான்னு ஊருக்கே தெரியும். மூணு ஏக்கரைத் தரிசாப் போட்டுட்டு, வருஷம் பூரா தர்மத்தை அரைச்சா ரொட்டி தட்டுவாருன்னு கேளு."

அனுசயாபாய் நுகத்தடியைத் தூக்கி வரப்பில் சாய்த்தார். சோன்யாவைத் தானே முன்னால் ஓட்டிக்கொண்டு சரிவில் இறங்கினார். மாணிக்கும் வழக்கம்போல் கூடவே, தன் கொட்டகைக்கே, இறங்கியது.

கோயில் முன்னால் அவருடைய ஏழு பெண்களும் வெங்காய நடவுக்குப் போக டெம்போவுக்காக நின்றிருந்தார்கள்.

"இன்னிக்கு என் காட்டுக்கு வாங்கடி. கையால ஊனிடலாம். தீபாவளிக்கு முன்னாடி ஆளுக்கொரு நாள் உங்க காட்டுக்கு நான் வர்றேன்."

"ஏழு நாளா? இடுப்பு உன்னுதுதானே அக்கா, இல்ல அதுவும் ரெண்டு வீட்டுக்குப் பொதுவா?" என்றாள் சுந்தரா. எல்லோரும் சிரித்தார்கள். டெம்போ வந்து காலியாகத் திரும்பிப் போனது.

கயிறு பிடித்து, இரும்புக் கம்பியால் குழி போட்டு, குழிக்கு இரண்டு சோளம் போட்டு, கட்டைவிரலால் மூடுவது. எட்டுப் பேரும் இரண்டிரண்டு பேராகக் குனிந்தபடியே நகர்ந்தார்கள். மத்தியானம் இடித்த மிளகாயும் ரொட்டியும் நின்றுகொண்டே தின்றார்கள். மேல் மண் காய்ந்து நிறம் மாறிக்கொண்டே வந்தது. வெயில் சாயும்போது கால் பங்கு மிச்சமிருந்தது. அனுசயாபாயின் குழிகளில் விதை விட்டுவந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அனுசயாபாய் மட்டும் நிமிரவில்லை. குழியும் அவரே போட்டு விதையும் அவரே விட்டுக்கொண்டிருந்ததால் அவருடைய வரிசைதான் எல்லோருக்கும் பின்னால் கிடந்தது.

அப்போது கொண்டிபா சரிவில் ஏறி வந்தார்.

"என்ன அண்ணே, மாணிக் அனுப்பிச்சானா?" என்றாள் சுந்தரா.

"புண்ணுக்கு மருந்து போட்டேன். தூங்கறான். சும்மா வந்தேன்."

எங்கள் ஊரில் ஆண்கள் கலப்பை பிடிப்பார்கள், விதையைத் தொட்டு ஊன்றுவதில்லை. கொண்டிபா கொஞ்ச நேரம் வரப்பில் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு, அனுசயாபாயின் வரிசையில், இன்னும் விதை விடாத குழிகளின் பக்கம் வந்து குந்தினார். கைகளை முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

அனுசயாபாய் அவரைப் பார்க்கவில்லை. இடுப்பில் கட்டியிருந்த விதை முடிப்பை அவிழ்த்து, இருவருக்கும் நடுவே மண்ணில் வைத்தார். கம்பியை மட்டும் எடுத்துக்கொண்டு, அடுத்த குழி போட முன்னால் நகர்ந்தார்.